ரிப்போட்டில் ஒன்றுமில்லை, நெஞ்சுக்குள் இருக்கிறது

யாழ்ப்பாணத்தில் வயது போனவர்கள் இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் ஒரு பை இருக்கும். புடைவைக் கடையில் தந்த பையாகவோ மருந்துக் கடையில் தந்த பையாகவோ இருக்கலாம். சாமியறை ஆணியில் தொங்கும், இல்லாவிட்டால் அலுமாரிக்குள் காணி உறுதியோடு சேர்ந்து கிடக்கும். உள்ளே ஈ.சி.ஜி. தாள்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்கோ, ஸ்கான், வயிற்றுக்குள் கமெரா விட்டு எடுத்த படங்கள். எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் எழுதியிருக்கும். ஆனாலும் அந்தப் பைக்குச் சொந்தக்காரர் இரவு எட்டு மணிக்கு மேல் விறாந்தையில் இருந்துகொண்டு நெஞ்சைத் தடவித் தடவி, "என்னவோ செய்யுது" என்பார்.

அந்த "என்னவோ செய்யுது" பற்றித்தான் எழுதப் போகிறேன். அது நடிப்பில்லை. கற்பனையில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்திருக்கச் செய்கிற தந்திரமும் இல்லை. பயமும் ஏக்கமும் உடம்பில் செய்கிற வேலை அது. நெஞ்சு உண்மையாகவே வேகமாக அடிக்கிறது, விரல் உண்மையாகவே விறைக்கிறது, வயிறு உண்மையாகவே கலக்குகிறது. ரிப்போட் சரியாக வந்தால் இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்துகொள்கிறோம். அந்த ஆளுக்கு வேதனை இல்லை என்று எந்த ரிப்போட்டும் எழுதித் தருவதில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் எங்கள் ஊரில் நிறையப் பேர் வருடக்கணக்காக டொக்டர் மாற்றி டொக்டரிடம் அலைகிறார்கள்.

என் அம்மாவுக்கு இது தொடங்கியது அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு. அதுவரை திடமாக நின்றவர் அவர். செத்தவீட்டு அலுவல்கள், எட்டு, அந்தியேட்டி, வந்து போனவர்களுக்குச் சமையல், வங்கிக் கடதாசிகள் என்று எல்லாவற்றையும் தானே பார்த்தார். அழுததைக்கூட நாங்கள் பெரிதாகக் காணவில்லை. திவசத்துக்கு வந்த தம்பியும் கனடாவுக்குத் திரும்பிப் போய், வீடு ஓய்ந்த பிறகு ஒருநாள், இராச்சாப்பாடு முடிந்து கோப்பை கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். கழுத்தெல்லாம் வியர்வை. இரண்டு கையும் விறைத்து விரல்கள் மடங்கிப்போயின. "மூச்சு அடிவரைக்கும் போகுதில்லை பிள்ளை" என்றார். அம்புலன்ஸுக்கான 1990 இலக்கத்துக்கு அடித்தோம். வந்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. சரி, இதயத் தசை பழுதாகியிருந்தால் காட்டும் இரத்தப் பரிசோதனையும் சரி. விடிய வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிறகு அது அடிக்கடி வரத் தொடங்கியது. ஒரு தனியார் மருத்துவமனையில் நெடுநேரம் காத்திருந்து காட்டினோம். உள்ளே இருந்த நேரம் மிகவும் கொஞ்சம். "ஒண்டுமில்லை அம்மா, சும்மா யோசிக்காதேங்கோ, கோயில் குளமெண்டு போய் வாங்கோ" என்றார் அந்த மருத்துவர். நல்ல மனதோடுதான் சொன்னார். வெளியில் இன்னும் எத்தனையோ பேர் இலக்கத் துண்டோடு இருந்தார்கள். ஆனால் ஓட்டோவில் வரும்போது அம்மா கேட்டது இதுதான்: "அப்ப நான் நடிக்கிறன் எண்டோ அவர் சொல்லுறார்?" அதன் பிறகு தனக்கு வருகிறதை எங்களிடம் மறைக்கத் தொடங்கினார். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்து சமாளிப்பார். நோயை விட அந்த மறைப்புத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

பயம் வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அன்றைக்கே யாராவது பக்கத்தில் இருந்து சொல்லியிருந்தால் அவ்வளவு தூரம் போயிராது. நான் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

மூளையின் உட்பக்கத்தில் அமிக்டலா என்ற சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று பட்டதும், நாங்கள் யோசித்து முடிக்க முன்னமே, அது உடம்பை உசார்ப்படுத்திவிடும். சிறுநீரகங்களுக்கு மேலே உள்ள சுரப்பிகளிலிருந்து அதிரீனலின் இரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமெடுக்கும். கை கால் தசைகளுக்கு இரத்தம் கூடுதலாகப் போகும், தோலுக்கும் குடலுக்கும் போவது குறையும். அதனால்தான் முகம் வெளிறுகிறது, உள்ளங்கை குளிர்கிறது, வாய் உலர்கிறது, சாப்பாடு இறங்க மறுக்கிறது. வியர்க்கிறது, நடுங்குகிறது, சிறுநீர் கழிக்க அந்தரப்படுத்துகிறது. அடிபடவோ ஓடவோ உடம்பு செய்கிற ஆயத்தம் இது. அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்ட்டர் கனன் 1915 இலேயே இதை விளக்கி எழுதினார். பாம்பைக் கண்டு பாய்ந்து விலகுகிறவருக்கு இதே மாற்றங்கள்தான் உயிரைக் காக்கின்றன. கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறவருக்கு ஓடவும் இடமில்லை, அடிக்க ஆளும் இல்லை. ஆயத்தம் மட்டும் முழுதாக நடந்துவிடுகிறது.

மூச்சைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்களை அதிகம் வெருட்டுவது அதுதான். பதகளிப்பு, அதாவது பயத்தால் வருகிற பதற்றம், வரும்போது மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடும். காற்றுப் போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுப்போம். உண்மையில் ஒட்சிசன் குறைவதில்லை. தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டுத்தான் குறைந்துபோகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், கண் மங்கும், நிற்கிற இடமே கனவில் நிற்கிற மாதிரித் தோன்றும். இரத்தத்தின் காரத்தன்மை கூடி, அதில் பயன்படக்கூடிய கல்சியத்தின் அளவும் குறையும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் விறுவிறுக்கும், கடுமையானால் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். அம்மாவின் கைக்கு அன்றிரவு நடந்தது இதுதான். பாரிசவாதம் என்று நாங்கள் நினைத்துக் கதறினோம். விளக்கம் தெரிந்த பிறகு அம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அப்ப இது மூச்சாலையோ வந்தது?" என்று கேட்டார். மறைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் இதைப் பற்றி வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

சிலர் இந்த நேரத்தில் பொலித்தீன் பையையோ கடதாசிப் பையையோ வாயில் வைத்து மூச்சு விடச் சொல்வார்கள். தயவு செய்து வேண்டாம். வந்திருப்பது தொய்வோ (ஆஸ்துமா) இதயத் தாக்கமோ ஆனால் அது உயிருக்கே ஆபத்து.

குடலுக்கும் தனியே ஒரு நரம்பு வலை உண்டு. 10 கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் அதில் இருக்கின்றன. மூளையோடு அது இடைவிடாமல் தொடர்பில் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூட நாட்களில் மட்டும் விடிய வயிற்றுக்குத்து வருவதும், லீவு நாளில் அது வராததும் பொய்யல்ல. வெளிக்கிடுகிற நேரம் பார்த்து நாலு தரம் மலசலகூடம் போகிற பெரியவர்களையும் எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஆண்கள் இதற்கெல்லாம் வாயு என்று பேர் வைத்து, வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்பிரசோல் குளிசையை வருடக்கணக்காக விழுங்குவார்கள். நெஞ்சுக்குள் ஏறி நிற்பது கடனா, வேலையா, வெளிநாட்டுக்கு அனுப்பிய மகனின் விசாவா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. பின்னேரம் இரண்டு கிளாஸ் போட்டால் இறங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பிறகு அது வேறொரு நோயாக வளரும்.

தசைகளைச் சொல்லவே வேண்டாம். 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் எனக்குக் கீழ்த்தாடையில் விடாத பல்வலி. பல்லைப் பிடுங்கத்தான் வேண்டிவரும் என்று போனேன். பல் மருத்துவர் நன்றாகப் பார்த்துவிட்டு, சூத்தை ஒன்றுமில்லை, நித்திரையில் பல்லை நெருமுகிறீர்கள், அதுதான் தாடைத் தசை நோகிறது என்றார். அப்புறம் எழுதுகிற பேனையைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டிலை ஏதும் யோசனையோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் நீளமாகப் போனது. அவர் இடைமறிக்கவில்லை. பல்லில் ஒன்றுமில்லை என்று அவரும்தான் சொன்னார், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அம்மாவுக்குக் கிடைக்காதது எனக்கு அங்கே கிடைத்தது. பிடரி இறுக்கம், தோள் உளைவு, தலையிடி, நாரி நோ, தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருப்பது, எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி நாள் முழுக்க இறுகியே கிடக்கிற தசை இருக்கலாம்.

ஏன் இராத்திரியில் வருகிறது என்று அம்மா கேட்பார். பகலில்தான் வேலை இருக்கிறதே! முற்றம் கூட்ட, தேங்காய் துருவ, பக்கத்து வீட்டுடன் கதைக்க, கோயிலுக்குப் போக. இரவில் கவனம் முழுவதும் உடம்பின் மேல் திரும்பிவிடும். எல்லோருக்கும் நெஞ்சு இடைக்கிடை ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடிக்கும், பகலில் அது தெரிவதேயில்லை. இரவில் அது பெரிதாகக் கேட்கும். "ஐயோ, தொடங்குது" என்ற நினைப்பு வந்ததும் அதிரீனலின் சுரக்கும், நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும், நினைத்தது சரிதான் என்று தோன்றும். இந்த வட்டத்துக்குள் அகப்பட்டால் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். இறங்கியே தீரும், உடம்பால் அந்த வேகத்தில் நெடுநேரம் ஓட முடியாது. ஆனால் அந்த 10 நிமிடத்தில் செத்துவிடுவேன் என்ற நிச்சயம் வந்துவிடும். இது எப்படிப்பட்ட நிச்சயம் என்பதை அனுபவிக்காதவருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது கடினம்.

இனி எங்கள் ஊருக்கே உரிய கதைக்கு வருகிறேன்.

போரிலிருந்து திரும்பியவர்களின் நெஞ்சில் இப்படி ஒரு நோய் இருப்பதை அமெரிக்க மருத்துவர் ஜேக்கப் மென்டிஸ் டா கொஸ்ரா 1871 இலேயே எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் படையாட்கள் அவரிடம் படபடப்பு, நெஞ்சுநோ, மூச்சுமுட்டு, களைப்பு என்று வந்தார்கள். இதயத்தில் பழுது தேடினார், கிடைக்கவில்லை. படையாட்களின் கதையே அப்படியென்றால், துவக்குப் பிடிக்காமல் பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்தவர்களின் நெஞ்சைப் பற்றி என்ன சொல்வது?

அம்மாவின் வயதுக்காரர்கள் ஒவ்வொரு சத்தத்தையும் பிரித்து அறியப் பழகியவர்கள். ஹெலி, பொம்மர், கோட்டைப் பக்கமிருந்து வருகிற ஷெல், பலாலிப் பக்கமிருந்து வருகிற ஷெல். ஷெல் குத்துகிற சத்தத்துக்கும் அது விழுகிற சத்தத்துக்கும் இடையில் எத்தனை அடி ஓடலாம் என்று அவர்களின் கால்களுக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, மழைக்குள், நாவற்குழிப் பக்கம் நகர முடியாத சனத்துக்குள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நின்றவர் அவர். அப்பா சைக்கிளில் மூட்டை கட்டி உருட்டினார். அன்றைக்கு நெஞ்சு அடித்ததா, கை நடுங்கியதா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் எங்கை பிள்ளை நேரம்" என்றார்.

நேரமில்லாமல் தள்ளி வைத்ததெல்லாம் பிறகு நேரம் கிடைக்கும்போது வருகிறது. ஒருமுறை கள்ளன் புகுந்த வீட்டு நாய் அதற்குப் பிறகு தபால்காரனுக்கும் குலைக்கும், தென்னோலை விழுந்தாலும் குலைக்கும். நாயில் குற்றமில்லை. காவல் காக்கத்தானே அது பழகியது. அம்மாவின் உடம்பும் அப்படித்தான், 2009 உடன் போர் முடிந்தது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அப்பா இருக்கும்வரை இரவில் சத்தம் கேட்டால் எழும்பிப் போய்ப் பார்க்க ஆள் இருந்தது. அவர் போன பிறகு அந்தக் காவலும் அம்மாவின் தலையில் விழுந்தது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் உளத்தாக்கம் இங்கே பெரும்பாலும் உடல் முறைப்பாடுகளாகவே மருத்துவர்களிடம் வருகிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார். எனக்கு அது வியப்பாக இல்லை. வீட்டில் காணாமல் போனவர் இருக்கிற ஒரு தாயால் ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டிருக்க முடியாது, கேட்கவும் ஆள் இல்லை. தலையிடிக்குது என்றால் ஒருவர் தேத்தண்ணி போட்டுத் தருவார். நெஞ்சு நோகுது என்றால் ஓட்டோ பிடிப்பார்கள். உடம்பின் வழியாகச் சொன்னால்தான் எங்கள் வீடுகளில் காது கொடுக்கிறார்கள். இது பெண்களைக் குறை சொல்லி எழுதுவதில்லை, வீடுகளைப் பற்றி எழுதுகிறேன்.

போர் மட்டுமே காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் ஏ.எல். வருடத்தில் நெஞ்சு படபடக்கிறது. நுண்கடன் தவணை நாளில் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் கை குளிர்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுச்சாமத்தில் வெளிநாட்டு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க முன்னமே வயிறு கலங்கும், அங்கே பகல் என்று தெரிந்தாலும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019 இல் உலகில் 30 கோடிப் பேருக்கு மேல் பதகளிப்பு நோயோடு இருந்தார்கள். சிகிச்சை கிடைப்பதோ ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான். ஆக, இது எங்களுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. எங்களுக்கு வருகிற வழிகள் கொஞ்சம் கூட.

ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. இதை வாசித்துவிட்டு, ஓ, எனக்கும் பயம்தான் என்று யாரும் நெஞ்சுவலியைத் தள்ளிப் போட வேண்டாம். முதலில் உடம்பைப் பார்க்கத்தான் வேண்டும். தைரொயிட் கூடினாலும் நெஞ்சு படபடக்கும், மெலியும், வியர்க்கும். இரத்தம் குறைந்தாலும் படபடப்பும் இளைப்பும் வரும். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவருக்குச் சீனி இறங்கினால் நடுக்கமும் வியர்வையும் வரும். தொய்வுக்கு இழுக்கிற பம்ப், நாளுக்குப் பல தரம் குடிக்கிற கடும் சாயம், இவையும் நெஞ்சை ஓட வைக்கும். நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு இறுகி, நின்றால் தணிவது. நோ இடது கைக்கோ தாடைக்கோ ஏறுவது. குளிர்ந்த வியர்வையும் சத்தியும் சேர்ந்து வருவது. இவை இதயத்தின் அடையாளங்களாக இருக்கலாம், ஒரு நிமிடமும் பொறுக்காமல் 1990க்கு அடியுங்கள். பெண்களுக்கும் நெடுநாள் சீனி வருத்தக்காரருக்கும் இதயத் தாக்கம் பெரிய நோவில்லாமல், வெறும் களைப்பாகவும் மூச்சுமுட்டாகவும் வரக்கூடும். முதல்தரம் வருகிற எதையும் வீட்டிலிருந்தபடி பயம் என்று தீர்மானிக்க முடியாது.

அப்படி ஒருமுறை ஒழுங்காகப் பார்த்து முடித்த பிறகு, திரும்பத் திரும்ப அதே பரிசோதனைகளை வேறு வேறு இடங்களில் செய்வதில்தான் பிழை இருக்கிறது. சரியான ரிப்போட் வந்தால் ஒரு கிழமை நிம்மதி. பிறகு, அந்த மெசின் சரியோ, அந்த டொக்டர் வடிவாகப் பார்த்தவரோ என்று ஐயம் முளைக்கும். அடுத்த ரிப்போட்டில் நிம்மதி இன்னும் கெதியாகக் கரைந்துவிடும். காசும் கரைந்துவிடும். புதிய முறைப்பாடு வந்தால் கட்டாயம் காட்ட வேண்டும். பழைய முறைப்பாட்டுக்கு ஒரே மருத்துவரிடம், அவர் சொன்ன நாளில் போவது நல்லது.

பயத்துக்கு நூல் கட்டுவதையும் திருநீறு போடுவதையும் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. எங்கள் அம்மம்மா, வெருண்ட பிள்ளையை மடியில் இருத்தி, தலை தடவி, தேவாரம் சொல்லித் திருநீறு போடும்போது அந்தப் பிள்ளையின் மூச்சு சீராகிறதை நான் கண்ணால் கண்டவள். ஆறுதலாகத் தேவாரம் பாடினால் மூச்சு நீண்டு வெளியேறும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் போகிற வேகஸ் நரம்பின் வேலை கூடி இதயத் துடிப்பு இறங்கும். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் நாட்கணக்காகத் தங்கி, அன்னதானம் சாப்பிட்டு, பக்கத்தில் இருக்கிற அறியாத ஆளுக்குத் தன் கதையைச் சொல்லி ஆறி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். இங்கே உளவளத்துணை செய்கிறவர்கள் உடம்பைத் தளர்த்திக் கிடக்கிற சாந்தியாசனமும் ஜெபமும் சொல்லிக்கொடுப்பதும் இதனால்தான். சைவர்களுக்கு மந்திரம், கிறிஸ்தவர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர். ஆனால் செய்வினை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறவரிடமும், போடுகிற குளிசையை நிற்பாட்டச் சொல்கிறவரிடமும் போகாதீர்கள். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அம்மாவை உளநல கிளினிக்குக்குக் கூட்டிப் போவது லேசாக இருக்கவில்லை. "என்னை விசர் எண்டு சனம் சொல்லும். உன்ரை மகளுக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமோ?" என்றார். எங்கள் சமூகத்தில் அது வெறும் சாட்டு இல்லை. உண்மையான பயம். பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன, அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசு இல்லை. வாசலைத் தாண்டத்தான் மாதங்கள் எடுத்தன. கடைசியில், வழமையாகப் பிரசருக்குக் காட்டுகிற வெளிநோயாளர் பிரிவு (ஓ.பி.டி.) மருத்துவரே துண்டு எழுதித் தந்ததால் அம்மா ஒப்புக்கொண்டார். பிரசர் மருத்துவர் சொன்னால் அது உடம்புக் காரியம்தானே!

அங்கே இருந்த மருத்துவர் முதலில் கேட்டது நெஞ்சைப் பற்றி. எங்கே நோகிறது, எப்போது, எவ்வளவு நேரம் என்று எல்லாம் கேட்டு எழுதினார். "அம்மாவுக்கு இருக்கிற நோ உண்மையான நோ" என்றார். பிறகுதான் நித்திரை, சாப்பாடு, அப்பா, இடப்பெயர்வு. அம்மா அழுதார். இதயத்துக்கும் பயத்துக்குமான தொடர்பை மருத்துவர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். அந்தத் தாள் இப்போதும் அம்மாவிடம் இருக்கிறது.

பதகளிப்புக்கும் மனச்சோர்வுக்கும் தருகிற சேர்ட்ரலீன் வகைக் குளிசை ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். இவ்வகை மருந்துகள் வேலை செய்யச் சில வாரம் எடுக்கும். தொடக்கத்தில் ஓங்காளமும் படபடப்பும் சற்றுக் கூடவும் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஆட்கள் மூன்றாம் நாளே நிற்பாட்டிவிடுவார்கள். நித்திரைக்குளிசைகளைப் போல இவற்றுக்கு அடிமையாவதில்லை, ஆனாலும் திடீரென்று விடக் கூடாது, மருத்துவர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பதற்றத்தைத் தணிக்கத் தருகிற டயசிபாம் அப்படியல்ல, நெடுநாள் போட்டால் உடம்பு அதில் பழகிவிடும். எங்கள் ஒழுங்கையில் அதை மிளகாய்த்தூள் மாதிரி இரவல் கொடுக்கிறார்கள், இது நிற்க வேண்டும். படபடப்புக்குத் தருகிற புரோப்பிரனலோலையும் இரவல் வாங்கக் கூடாது, தொய்வுக்காரர் ஒருவர் அயலட்டையில் வாங்கிப் போட்டால் மூச்சே அடைக்கும்.

மருந்தை விட அம்மாவுக்கு உதவியது மூச்சுப் பயிற்சியும், விட்டுவிட்ட இடங்களுக்குத் திரும்பப் போனதும் என்றுதான் நினைக்கிறேன். பயிற்சி எளிது. வயிறு எழும்ப மூக்கால் மூச்சை எடுத்து, எடுத்ததை விட நீளமாக விடுவது, நிமிடத்துக்கு ஆறு தரமளவில். நோ வருகிற நேரம் மட்டும் செய்தால் வேலை செய்யாது. சுகமாக இருக்கும்போது நாளாந்தம் செய்து பழகினால்தான் தேவைப்படுகிற நேரத்தில் உடம்புக்கு ஞாபகம் வரும்.

இடங்களைப் பற்றிச் சொன்னேனே, அம்மா மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விட்டிருந்தார். திருநெல்வேலிச் சந்தையில் ஒருதரம் வந்ததால் சந்தைக்குப் போவதில்லை. பஸ்ஸில் ஒருதரம், பஸ்ஸும் இல்லை. நல்லூர்த் தேருக்குச் சனம் என்று போகவில்லை. போகாமல் விட்ட அன்றைக்கு ஆறுதல். அடுத்தமுறை அந்த இடம் இன்னும் பயங்கரமாகத் தெரியும். திரும்பிப் போவது படிப்படியாகத்தான். முதலில் சந்தை வாசல் வரைக்கும் என்னோடு. பிறகு உள்ளே போய் ஒரு பிடி கீரை. நெஞ்சு அடித்தபோதும் வெளியே ஓடாமல் அங்கேயே நின்று, அது ஏறி இறங்கும்வரை கீரைக்காரியோடு விலை பேசியது ஒருநாள். அன்றைக்கு அவர் வாங்கி வந்த முருங்கையிலையை நாங்கள் எல்லோரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம். இப்போது தனியாகவே போய் வருகிறார். இன்னும் இடைக்கிடை வரும். வந்தால் சுவரோடு சாய்ந்திருந்து மூச்சை நீட்டி விடுவார், "வந்திட்டுது, போகும்" என்று எங்களிடம் சொல்லியும்விடுவார். குளியலறைக் கதவு சாத்தப்படுவதில்லை.

வீட்டிலுள்ளவர்களிடம் கேட்க விரும்புவது கொஞ்சம்தான். "ஒண்டுமில்லை" என்று சொல்லாதீர்கள். நீங்களும் சேர்ந்து பதறாதீர்கள். பக்கத்தில் இருந்து உங்கள் மூச்சை ஆறுதலாக விட்டால், அதைப் பார்த்து அவர்களும் மூச்சை ஆறுதலாக விடுவார்கள். அடங்கிய பிறகு, அன்றைக்கென்றில்லை, அடுத்த நாள் தேத்தண்ணி குடிக்கும்போதாவது, நேற்றைக்கு என்ன நினைப்பு ஓடியது என்று கேளுங்கள். அவர்களின் வேலை எல்லாவற்றையும் பறித்துச் செய்து, கட்டிலில் படுக்க வைத்துவிடாதீர்கள்.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் போடுகிற எல்லாக் குளிசைகளையும், பரியாரியார் தந்த மருந்தையும் சேர்த்து, கையோடு கொண்டு போங்கள். பழைய ரிப்போட்டுகளையும் காட்டுங்கள், அதே பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டி வராது. நோ வந்த நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எப்போது தொடங்கியது என்று கேட்பார்கள். திகதியோடு, அந்தக் காலத்தில் வீட்டில் யார் போனார்கள், யார் வந்தார்கள், எது பறிபோனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல், உடனே யாரோடாவது கதைக்க வேண்டும் என்றிருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணிநேரமும் இருக்கிறது.